தேவசிகாமணியின் ஐந்தாவது கம்பி

தேவசிகாமணி வாரநாட்களில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். இந்த இரண்டாவது வேலையைப் பற்றி ஊருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. மற்றவர்கள் கிட்டாரில் ஆறு கம்பி இருக்க, இவருடையதில் மட்டும் நான்குதான் இருந்தது.

"மீதி ரெண்டு எப்பங்க போடப் போறீங்க?" என்று ஒண்டிக்கடை முக்கில் டீ குடிப்பவர்கள் அக்கறையாகக் கேட்பார்கள். பேஸ் கிட்டாருக்கு நான்குதான் கணக்கு என்று அவர் பதினைந்து வருடமாக விளக்கிவந்தார். ஆகவே 1994-ஆம் வருடம் அவரே ஐந்து கம்பி கிட்டார் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னபோது ஊர் ஆச்சரியப்படவில்லை. மனிதர் கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தது.

இதற்குக் காரணம் ஒரு கேசட். ஒண்டிக்கடை முனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மரியதாஸிடம் ஒரு வாத்தியார் டேப் ரிக்கார்டரைக் கொடுத்துவிட்டு, வேறு ஊருக்கு வேலை கிடைத்து, அதை வாங்காமலே போய்விட்டார். உள்ளே பெயர் எழுதாத கேசட் ஒன்று இருந்தது. அதைப் போட்டுப் பார்த்த மரியதாஸ், மெஷின் இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து இரண்டு முறை பிரித்து மாட்டினார். மூன்றாம் முறைதான் அது பாட்டு என்று தெரிந்தது. ஹெவி மெட்டல் என்னும் இரைச்சலான மேற்கத்திய இசையை அவரும் தேவசிகாமணியும் முன்பே கேட்டிருந்தார்கள். இது அதையும் தாண்டியது. ஒரே பாட்டு பதினாலு நிமிடம் ஓடியது. தாளம் நாலில் தொடங்கி ஏழுக்குப் போய், பதினொன்றில் கொஞ்சநேரம் உலவிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் திரும்பி வந்தது. தேவசிகாமணி கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதை நாலு தடவை கேட்டார். வீட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பியிருந்த அவர் அன்று வெறும் டின்னோடு திரும்பினார்.

மரியதாஸ் கிட்டார், தேவசிகாமணி பேஸ் என்று முடிவானது. டிரம்ஸுக்கு அங்கப்பன் வந்தார். மலைக்காரர், காப்பியும் ஆரஞ்சும் வைத்திருந்தார், சேர்வராயன் கோயில் திருவிழாவில் மேளம் அடிப்பார். ஏழு எண்ணிக்கைத் தாளத்தை மரியதாஸ் தாளில் கட்டம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். அங்கப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு எதுக்குங்க கட்டமெல்லாம்? கால் தானா போவுமுங்களே," என்று சொல்லி அடித்துக்காட்டினார். மரியதாஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் கூடிவந்தது, ஒரு சுரம் தவிர. அந்தப் பாட்டின் அடியில், நாலு கம்பி பேஸ் எட்டமுடியாத ஆழத்தில், ஒரு 'பி' இருந்தது. தேவசிகாமணி தன் தடித்த கம்பியைத் தளர்த்திப் பார்த்தார். அது கொடியில் காயும் துணிமாதிரி ஆடியதே ஒழிய சத்தம் வரவில்லை. சேலத்துக் கடைகளில் விசாரித்தபோது, ஐந்து கம்பி பேஸ் என்று ஒன்று இருப்பதாகவே அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெங்களூர்க் கடை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு இருக்கிறது, நேரில் வரவும் என்று கார்டு வந்தது.

மனைவி இன்பமேரி தானும் வருவதாகச் சொன்னாள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா. பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுபவள்.

"நீ எதுக்கு மேரி? உனக்குக் கிட்டாரப் பத்தி என்ன தெரியும்?"

"ஏனுங்க, குக்கர் வாங்கப் போன ஆளு மைக்கோட வந்தீங்க. தனியா உட்டா இப்ப என்னத்தோட வருவீங்களோ?"

இருவருமாகப் பெங்களூர் போனார்கள்.

கடையில் இரண்டும் சுவரில் தொங்கின. ஒன்று செர்ரிப்பழச் சிவப்பு. மெல்லிய கழுத்து, தங்கநிறத் திருகுகள், முதுகில் பேட்டரி. மற்றது மங்கிப்போன பழுப்பு. கழுத்து மற்றதைவிட ஒரு அங்குலம் கூடுதல் நீளம், அகலமும் அதிகம், கையில் எடுத்தால் அம்மிக்கல்லை எடுத்தமாதிரி இருந்தது. கடைக்காரப் பையன்கள் இரண்டு பேரும் சிவப்பைத்தான் எடுத்து வாசித்துக் காட்டினார்கள். விரல்கள் பறந்தன. ஆனால் அவர்கள் ஐந்தாவது கம்பியை மட்டும் தொடவே இல்லை.

தேவசிகாமணிக்குச் சிவப்பின்மேல் கண் போய்விட்டது. அதற்கு நியாயமும் வைத்திருந்தார். அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் எஸ்டேட் மெஷினின் பெல்ட்டில் ஒருமுறை மாட்டியது. அதற்குப் பிறகு சரியாக நீளாது. சிவப்பின் மெல்லிய கழுத்தில் எல்லாம் எட்டியது. பழுப்பில் பாதி இடம் எட்டவில்லை.

"இதுதான் கைக்கு அடக்கமா இருக்குது," என்றார்.

இன்பமேரி கைப்பையை மடியில் வைத்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "எந்தக் கம்பிக்காக இவ்வளவு தூரம் வந்தமோ, அத அடிங்க," என்றாள்.

சிவப்பில் ஐந்தாவது கம்பியைத் தட்டினார். தொளதொளவென்று ஒரு சத்தம் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் கலைந்தது. பழுப்பில் தட்டினார். கடையின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த புல்லாங்குழல்கள் ஒன்றோடொன்று மெதுவாக உரசின. இன்பமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது நொம்பத் தெளிவா இருக்குதுங்க. செவப்பு எருமை பெருமூச்சு உட்டமாதிரி இருந்துச்சு."

கம்பி நீளமாக இருந்தால் விறைப்பாக நிற்கும், ஆழமான சுரத்துக்கு அதுதான் வேண்டும் என்பது தேவசிகாமணிக்கும் தெரியும். தெரிந்ததை மறப்பதற்கு அவர் அன்று நிறைய முயற்சி செய்துகொண்டிருந்தார்.

"சுண்டுவெரலு எட்டலயே மேரி."

"வெரலு பழகிக்கும். கம்பி பழகிக்குமா?"

கடைக்காரப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழுப்பு அங்கே இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கித் துடைக்கும்போது அவர்கள் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்து தேவசிகாமணிக்குத் திரும்பவும் சந்தேகம் வந்தது. இன்பமேரி அதற்குள் கிட்டார் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாள்.

அடுத்த ஆறு மாதம் அவர் தினமும் காலையில் அந்தச் சுண்டுவிரலை வெந்நீரில் ஊறவைத்து இழுத்துவிட்டார். முதல் இரண்டு மாதம் வலிதான் மிச்சம். நாலாவது மாதம் ஓர் அரை அங்குலம் நீண்டது. ஆறாவது மாதம், காப்பி சீசனும் முடிந்தபிறகு, பதினாலு நிமிடமும் தவறில்லாமல் வாசித்தார். அடுத்து வந்த மே மாதக் கோடை விழாவில் வாசிக்க மூவரும் மனுக் கொடுத்தார்கள். நாய்க் கண்காட்சிக்கும் மாறுவேடப் போட்டிக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது. 'மெல்லிசை' என்று நோட்டீஸில் அச்சாகியிருந்தது.

விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவர் மரங்களில் எட்டுக் குழாய்களைக் கட்டியிருந்தார். குழாய் ஸ்பீக்கர் கிட்டாரைக் கத்த வைக்கும், டிரம்ஸைத் தகரமாக்கும். பேஸ் கிட்டாரின் அடிச்சுரத்தை மட்டும் அது வெளியே விடவே விடாது. மைதானத்தில் இருந்த சனம் இரண்டு பேர் வாசிப்பதைக் கேட்டது. மூன்றாவது ஆள் கனமான எதையோ மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தது.

ஆனால் மேடையில் மரியதாஸ் தன் கையால் செய்த பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான், அதே பலகையின்மேல், சிறப்பு விருந்தினரின் நாற்காலி போடப்பட்டிருந்தது. சேலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி அவர். பாட்டு ஏழுக்குத் திரும்பிய இடத்தில் தேவசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவது கம்பியை முழுதாகத் தட்டினார். விருந்தினர் நெஞ்சில் கை வைத்தார். இரண்டாவது தடவை தட்டியபோது எழுந்தார். மூன்றாவதற்கு, "எனக்கு உள்ள என்னமோ பண்ணுது," என்று பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மேடையில் ஓட்டமும் சத்தமுமாகிவிட்டது. யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். பாட்டு நாலாவது நிமிடத்தில் நின்றது.

டாக்டர் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, இதயம் இருபது வயதுக்காரனுடையது மாதிரி இருக்கிறது என்றார். விருந்தினருக்கு நிம்மதி. தேவசிகாமணி மட்டும் மேடைக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தன பேருல அவரு ஒருத்தர்தான் ஒழுங்கா கேட்டாருங்க," என்றார் அங்கப்பன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு மேடை கிடைக்கவில்லை. மரியதாஸ் டி.வி. ரிப்பேருக்குக் கோயமுத்தூர் போய்விட்டார். பழுப்பு பேஸ் மாதா கோயிலுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்வதால் ஐந்தாவது கம்பியைத் தவிர்க்கும்படி பங்குச் சாமியார் அருள்சாமி கேட்டுக்கொண்டார். பிறகு எஸ்டேட்டில் கணக்கெழுதும் பெரிய ரைட்டர் ஒருவர் காலமானபோது, அடக்கப் பூசைக்கு மட்டும், சற்று கனமாக இருக்கட்டுமே என்று அனுமதி கொடுத்தார். சனம் அழுததே ஒரு அழுகை! மறுவாரமே பக்கத்து ஊரான நாகலூரிலிருந்து ஆள் வந்தது. "ஏனுங்க, எங்கூட்டுப் பெரியவருக்கும் அந்த அஞ்சாவது கம்பி வெக்கோணுமுங்க."

இரண்டே வருடத்தில் அந்தக் கம்பி இல்லாத அடக்கம் அடக்கமே இல்லை என்றாகிவிட்டது. ஒருமுறை மட்டும் தேவசிகாமணி சபலப்பட்டார். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது நாலை விட்டு ஏழுக்குள் நழுவினார். தூக்கியவர்கள் ஆறு பேருக்கும் கால் பின்னிக்கொண்டது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. பாடகர் வரிசையிலிருந்து இன்பமேரி பார்த்த பார்வையில் தாளம் உடனே நாலுக்குத் திரும்பியது. மறுநாள் காலையில் அவள் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏழுல நல்லாத்தான் இருந்துச்சு. உக்காந்திருக்கிறப்ப வாசிங்க. நடக்கறப்ப வேண்டாம்."

ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மரியதாஸ் ஊருக்கு வருவார். மறுநாள் பகலில் மூவரும் அங்கப்பன் வீட்டில் காப்பி காயவைக்கும் களத்தில் கூடுவார்கள். அங்கே பதினாலு நிமிடமும் யாரும் நிறுத்தமாட்டார்கள். கேட்பதற்கு இன்பமேரியும் அங்கப்பன் மனைவி பாவாயியும் இருப்பார்கள். அந்தப் பாட்டு இடையில் நாலைந்து இடங்களில் முடிந்துபோனமாதிரி நிற்கும். ஒவ்வொரு தடவையும் பாவாயி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் பாதிதானுங்க ஆச்சு," என்பார் தேவசிகாமணி.

"சரி, அடிங்க அடிங்க. நான் போயி சோத்த வடிச்சுட்டு வந்தர்றேன்," என்று அவள் உள்ளே போவாள்.