அண்ணி வாசித்த நற்செய்தி

மாதாவின் பட்டுப்புடவை ஓரத்தைத் தொடப்போன அண்ணியின் கை பாதியில் நின்றது. பிறகு தன் முந்தானையைச் சரிசெய்வதுபோலத் திரும்பி வந்துவிட்டது. அந்த மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் கொரட்டூர் கோயிலின் பங்குத் திருவிழாவில் மாதா சொரூபம் வைத்த சப்பரம் தெருவுக்குள் வந்ததும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு அந்தப் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். கூட்டத்துக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. ஏன் கையை இழுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. எங்களில் எந்தப் பெண்ணும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். அன்பியம் என்று அதற்குப் பெயர். முறை வைத்து ஒருவர் நற்செய்தியை வாசித்து, அதைப் பற்றி நான்கு வார்த்தை பேச வேண்டும். முறை வந்த பெண்ணுக்கு அது மாதவிலக்கு நாளாக இருந்தால், இந்த வாரம் முடியாது, வேறு யாரையாவது போடுங்கள் என்பாள். உடனே வேறொருத்தியைப் போட்டுவிடுவோம். அந்த நாட்களில் அவள் சப்பரத்தையும் தொடமாட்டாள். இப்படி எந்தச் சாமியாரும் சொன்னதில்லை, திருச்சபையில் இப்படி ஒரு சட்டமும் கிடையாது. நாங்களாகவே போட்டுக்கொண்ட விலங்கு இது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அன்பியத் தலைவியாக இருந்தவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. கருப்பையைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய கை அது. ஆனால் செப அறைக்குள் வந்துவிட்டால் டீச்சருக்கும் தீட்டு தீட்டுதான்.

அண்ணிக்குக் கருப்பையில் கட்டி. முதலில் மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு இருந்தது, பிறகு நிற்காமலே போனது. உடம்பில் இரத்தம் ஏறிய பிறகுதான் அறுவை சிகிச்சை என்று டாக்டர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சில நாட்கள் ஒதுங்குவதற்கென்று வந்த வழக்கத்தில், நிற்காத உதிரத்துக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணியின் முறை வந்தபோதெல்லாம் கைமாறியது. முதலில் வாசலோரமாக உட்கார்ந்தார், பிறகு செபத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மண்ணூர்பேட்டைக் கம்பெனி வேலைக்கு மட்டும் தினமும் போய்வந்தார். ஆபீஸுக்கு ஆகிற உடம்பு ஆண்டவருக்கு ஆகாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணி எரிச்சல்படவில்லை. சனிக்கிழமை மாலைகளில் கோயில் ஹாலில் ஃபாதர் நடத்திய மறைநூல் வகுப்பில் போய் முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தார். அங்கே புத்தகத்தைத் தொடாதே என்று சொல்ல யாரும் இல்லை.

திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் அன்பியத்துப் பெண்கள் சப்பரத்தைத் தோளில் தூக்குவது எங்கள் பங்கின் வழக்கம். அடுத்த திருவிழா நெருங்கியபோது டீச்சர் வீட்டில் கூடினோம். அன்று அண்ணியும் வந்தார். வாசலோரம் உட்காராமல் நேராக மேசையருகே போய், தான் வாசிக்கப்போவதாகச் சொன்னார். வரும் ஞாயிறுக்கான நற்செய்தியை வாசிப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணி அதைப் புரட்டித் தள்ளிவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய பெண், கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமடைந்த பகுதியை வாசித்தார்.

பிறகு பேசினார். இயேசு யூதராகப் பிறந்து யூதராகவே வாழ்ந்தவர், அதனால் அவருடைய மேலாடையின் மூலைகளில் நீல நூல் சேர்த்த குஞ்சங்கள் தொங்கியிருக்கும் என்றார். பார்க்கும்போதெல்லாம் கடவுளின் கட்டளைகளை நினைத்துக்கொள்வதற்காக அந்தக் குஞ்சங்களைக் கட்டச் சொன்னது மோசேயின் சட்டம். உதிரப்போக்குள்ள பெண் தீட்டுள்ளவள் என்றதும் அதே சட்டம்தான். ஆனால் அது அவர்களுக்குப் பாவமில்லை, குளித்தால் கழிகிற ஒரு நிலை. சட்டத்துக்குப் பயந்து அந்தப் பெண் ஓடிவிடவில்லை, சட்டம் கட்டச் சொன்ன குஞ்சத்தையே எட்டிப் பிடித்தாள் என்று அண்ணி சொன்னார். தொட்டவளை அவர் கடிந்துகொள்ளவில்லை, குளித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் மகளே என்று கூப்பிட்டார். யூதர்களின் சட்டம் கடுமையானது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், எருசலேம் கோவில் வழிபாட்டையொட்டி வந்த அந்தத் தீட்டுச் சட்டத்தை, அவர்களுடைய கோவிலும் இல்லாமல் குருவும் இல்லாமல் கொரட்டூரில் உட்கார்ந்துகொண்டு யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டு முடித்தார்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதம்மா. இந்த வருஷம் சப்பரத்த மத்தவங்க தூக்கட்டும். ஒடம்பு சரியானதும் நீ தூக்கு."

"முடியலன்னா எறக்கி வெச்சிட்டு உக்காந்துக்கறேன் டீச்சர். தீட்டுன்னு சொல்லி உக்கார மாட்டேன்."

எங்கள் அன்பியத்தின் நாளன்று சப்பரத்தின் முன்கட்டையில் அண்ணியின் தோள் இருந்தது. சோகை பிடித்து வெளுத்த முகம், நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கியது. என்னைக் கூப்பிட்டுக் கட்டையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மாதாவின் புடவை ஓரத்தைப் பிடித்து, அவசரமே இல்லாமல் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் மூடியிருந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்தார். டீச்சர் செபமாலை சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியும் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு மட்டும் பெருமையும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணன் ஓய்வுபெற்றதும் இருவரும் மகளோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார்கள். அன்பியப் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. தெருவில் பழைய வீடுகள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடிகள். வெளியூர்களிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் அன்பியத்துக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சென்ற வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள்: தன்னால் இந்த வாரம் வாசிக்க முடியாது, வேறு யாரையாவது போட வேண்டும் என்று. அதே வார்த்தைகள். காலம் இவ்வளவு மாறியும் அது மட்டும் மாறாததைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக இருந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, எனக்கு இன்னைக்கு..." என்று இழுத்தாள்.

"தெரியும்மா. அதான் கூப்பிடறேன். ஒடம்புக்கு முடியலன்னா படுத்துக்க. முடியும்னா வந்து நீதான் படிக்கணும்."

வந்தாள். குழுவில் அவள் எழுதியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், டீச்சர் உட்பட. அவள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நற்செய்திக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். முட்டி வலியால் இப்போதெல்லாம் உட்கார்ந்தபடியே கேட்கும் டீச்சர், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் நிமிர்ந்து நிற்கும்வரை அந்தப் பெண் காத்திருந்து, பிறகு வாசித்தாள்.