மீன் தொட்டியில் மிதந்த எண்ணெய்

நான் செடி வைத்து வளர்க்கும் மீன் தொட்டியில் கண்ணாடியெல்லாம் பாசி. தண்ணீர்மேல் தினமும் எண்ணெய் போல ஒரு படலம். பக்கத்திலேயே மாமியாரின் சாமி விளக்கு. தொட்டி வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் எண்ணெய் ஊற்றுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று பாலக்கோடு பஸ்ஸைத் தவறவிட்டு வீடு திரும்பினேன். அவர் தொட்டிமேல் குனிந்திருந்தார்.

"என்னங்க அத்தை ஊத்தறீங்க?"

பதறி நிமிர்ந்தார். கையில் ஈரச் செய்தித்தாள்.

"ஊத்தலம்மா, எடுக்கறேன். பஜ்ஜி எண்ணெய ஒத்தற மாதிரி தெனமும் பேப்பர்ல ஒத்தி எடுக்கறேன். நம்ம வெளக்காலதான்னு நெனச்சி அத அடுப்படிக்கு மாத்திட்டேன். அப்பவும் வருது."

தொட்டிக்குள் என் செடிகளின் இலைகள்தான் அழுகிக் கிடந்தன; படலம் அதிலிருந்துதான். விளக்கு இருந்த இடம் காலி. இத்தனை நாள் அவரையே வேவு பார்த்த என் கண்ணில் அது படவேயில்லை.