லேசான தவளைக்கு எந்த ரீல்?

தூண்டில் ரீல் விற்கிற தொழிலில், சாமானைக் கட்டிக் கொடுத்ததும் வியாபாரம் முடிந்துவிடாது. அப்போதுதான் வயிற்றில் புளி கரைய ஆரம்பிக்கும். எதையாவது விற்றுவிட்டு, வாங்கினவர் திரும்பி வருகிறாரோ என்று தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

எழுபதுகளின் கடைசியில், சந்தவாசலில் என் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் சேர்ந்தேன். ஆணி, கயிறு, பம்ப்செட் சாமான் விற்கிற கடை. காவலூரில் வானத்தைப் பார்க்கிற நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் சிலர் லீவு நாளில் ஏரி ஏரியாக அலைவார்கள். அவர்கள் ரீல் கேட்டார்கள், பக்கத்து மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்களும் கேட்டார்கள். மெட்ராஸில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற சந்தில் அள்ளிக்கொண்டு வந்து ஒரு அலமாரியை நிரப்பினேன். மாமா தடுக்கவில்லை. பொங்கலுக்குள் ரீல் வியாபாரம் தேறாவிட்டால் அந்த அலமாரியில் பைப் சாமான் வைக்கப்போவதாகவும், ஆரணியில் தன் மச்சானுடைய ரைஸ் மில்லில் எனக்கு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும் மட்டும் சொன்னார். மில்லுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அந்த மச்சான் எல்லோரையும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார், மாப்பிள்ளை என்று பார்க்கமாட்டார். மாமா அதைச் சொன்ன நாள் முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

கனமாய் இருந்தால் நல்லது

எங்கள் பக்கத்தில் விரால் பிடிக்கிறவர்கள் தேய்ந்த செருப்பு ரப்பரில் தவளை செதுக்கி, முள் பொருத்தி, தண்ணீர் மேல் குதிக்கவிட்டு இழுப்பார்கள். ஊதினால் பறக்கிற எடைதான் இருக்கும். இதை எறிய, கனமான உருளை ரீல் உதவாது. தவளை இழுக்கிற இழுப்பில்தான் உருளை சுழல வேண்டும். லேசான தவளையால் அதை அசைக்க முடியாது, அசைந்துவிட்டால் நிறுத்தவும் முடியாது. நூல் வெளியே போவதற்குள் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். சின்னதாக இன்னொரு ரீல் உண்டு. அதில் நூல் சுற்றிய கட்டை சும்மா நிற்கும், நூல் மட்டும் விளிம்பு வழியாக வழுக்கிக்கொண்டு போகும். லேசான தவளைக்கு அதுதான் சரி.

இதையெல்லாம் மலைமேல் நெல்லிவாசலிலிருந்து வந்த சின்னசாமிக்கு வாய் வலிக்கச் சொன்னேன். புளி விற்கிறவர் அவர். ஒரு கையில் உருளை ரீல், மறு கையில் சின்ன ரீல் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். கனமான பண்டத்தில்தான் சத்து இருக்கும் என்பது அவர் கணக்கு. கேட்டதைக் கொடுக்கச் சொல்லி மாமா கண்ணைக் காட்டினார், உருளை ரீலையே கொடுத்துவிட்டேன்.

அடுத்த சந்தைக்கு வந்தபோது ரீலுக்குள் தூக்கணாங்குருவி கூடு கட்டினது மாதிரி நூல் கிடந்தது. அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொறுமையாகத்தான் பேசினார். மாமா கேட்டுக்கொண்டிருக்க, மறுபேச்சில்லாமல் சின்ன ரீலை மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் சொன்னது: “நூலு சிக்கினது பரவால்லீங்க. எவ்ளோ வீசனாலும் தவள என் காலாண்டயே வுழுது. வெராலு என் காலாண்டயா வந்து நிக்கும்?”

நேரில் காட்டிய பாடம்

காவலூர் நிலையத்தில் மெஷின் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர். லேசான தவளை எவ்வளவு தூரம் போகும் என்று காட்டச் சொன்னார். கடையில் மாமா இருந்தார். காட்டமாட்டேன் என்றால் எனக்கே என் சரக்கின் மேல் நம்பிக்கையில்லை என்றாகிவிடும். சின்ன ரீல் மாட்டிய தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

வீசினேன். அப்படி ஒரு வீச்சு எனக்கு அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமைந்ததில்லை. தவளை சைக்கிள் கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நின்றிருந்த போளூர் பஸ்ஸின் கூரையில் விழுந்து ஏதோ மூட்டையில் மாட்டிக்கொண்டது. நான் சுண்டி இழுக்கிறேன், கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பஸ் கிளம்ப, ரீல் கூவ, கோலைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன். வேட்டி அவிழாதது முன்னோர் செய்த புண்ணியம். கடைசி முடிச்சு வரை நூல் போய் அறுந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். மாமா முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. வந்தவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “தூரமா போவும்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். போளூர் வரைக்கும்னு சொல்லவே இல்லியே, சார்.”

சிக்கனம்

உள்ளூர் வாத்தியார் ஒருவர் சின்ன ரீலும் ஒரு சுருள் நூலும் வாங்கினார். தானே சுற்றிக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போனார். நாலு நாளில் வந்து, தவளை பாதி தூரம்கூடப் போகவில்லை என்றார். மெட்ராஸ்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டானா? திறந்து பார்த்தால் கட்டையில் பாதி அளவுக்குத்தான் நூல் இருந்தது. விளிம்பு வரை நிரம்பியிருந்தால்தான் வழுக்கிப் போகும். இல்லாவிட்டால் விளிம்பில் உரசி உரசி வேகம் செத்துவிடும். மீதி நூல் எங்கே என்று கேட்டேன். நல்ல பையனைத் தட்டிக்கொடுக்கிற குரலில் வாத்தியார் சொன்னார்: “அது பொட்டியில பத்ரமா இருக்குப்பா. இது அறுந்துபோனா எடுத்துக்கலாம்னு வச்சிருக்கேன்.”

பூஜைக்குப் பிறகு

ஆயுத பூஜை முடிந்த வாரம், ஜமுனாமரத்தூர் ஜீப் டிரைவர் மணி வந்து, ரீல் கைப்பிடி ஒரு சுற்றுகூட நகரவில்லை என்று மேஜையில் வைத்தார். கடை நிறைய ஆள். சரக்கு இப்படித்தான் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஆரணி மில்தான். வியர்த்துக்கொண்டே மூடியைக் கழற்றினேன். குப்பென்று சந்தன வாசனை. பல்சக்கரம் முழுக்கச் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, எல்லாம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மேலே ஒரு பொட்டு வைத்தால் போதாதா, உள்ளே எதற்கு என்று பணிவாகக் கேட்டேன். சாமி காரியத்தில் குறை வைக்கக்கூடாது என்று மூடியைத் திறந்து பார்த்துப் பார்த்து வைத்தாராம். நான் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்து தேய்க்கத் தேய்க்க, பக்கத்தில் நின்று குறைப்பட்டார்: “ஜீப்புக்குந்தான் வெச்சேன். அது ஓடலியா, இன்னா?”

பைப் வந்த நாள்

பொங்கலுக்கு முன்பே மாமா முடிவு பண்ணிவிட்டார். வேலூருக்குப் போய்ப் பைப் சாமானை ஏற்றிக்கொண்டு வரும்படி என்னையே அனுப்பினார். என் அலமாரியைக் காலி பண்ணப்போகிற சரக்குக்கு நானே காவலாக வேனில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் அந்த ‘டேய்’ காதில் விழுந்துகொண்டே இருந்தது. அழுகை வந்தது. டிரைவர் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து இறங்கினால் கடை வாசலில் ஐந்தாறு நெல்லிவாசல்காரர்கள். சின்னசாமி சின்ன ரீலில் விரால் பிடித்ததைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு செருப்புத் தவளையோடு காலையிலேயே வந்தவர்கள். மாமா இருக்கிற ரீலையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறார். அவர்கள் தொடவில்லை. மாப்பிள்ளை வந்து தவளையைப் பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும் என்று, மலைக்குப் போகிற ஜீப்பையும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் மாமாவிடம் வாங்கமாட்டேன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அவரே டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

நான் ஒவ்வொரு தவளையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். கூலியாள் பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று கேட்டான். நான் தலை நிமிரவில்லை. மாமா அலமாரியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “பைப்பு வெளிய கெடக்கட்டும் மாப்ள. மழையில நனைஞ்சா அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

அந்த அலமாரிதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் கையில் பையோடு யாராவது படியேறினால், வாங்க வருகிறாரா, திருப்பிக் கொடுக்க வருகிறாரா என்று வாய்க்கு முன்னால் வயிறுதான் கேட்கிறது.