கைராசிக்காரருக்காகக் காத்திருந்த உப்பு

காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. மரக்காணம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்கு உப்பளத்துப் பக்கம் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். ஆரோவில்லில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அக்கா செல்வி, குத்தகைக்கு எடுத்த பாத்தியில் இந்த வருஷத்து முதல் உப்பை வாரப்போகிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிய பயணம் இது.

ஏழரைக்குப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தேன். உப்பு விளைந்து வாருகிற பதத்தில் கிடந்தது. செல்வியோ வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடல் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் அத்தனை உப்பும் கரைந்துவிடும்.

“இன்னும் ஏன் ஆரம்பிக்கலை?” என்றேன்.

“பிரம்மதேசத்துல இருந்து முனுசாமி அண்ணன் வரணும் சார். கைராசிக்காரரு. மொதல் இழுப்பு அவருதான் இழுப்பாரு. போன வருஷம் நானே தொடங்கிட்டேன். மறுநாளே மழை, எல்லாம் போச்சு. என் கைக்கு ராசி இல்ல.”

எனக்குக் கோபமே வந்தது. சின்ன வயதிலிருந்து கூலிக்கு உப்பு வாரிய கை அது.

“கூலிக்கு வாரினப்போ மட்டும் ராசி எங்கிருந்து வந்துச்சு?”

“அது மொதலாளி ராசி சார்.”

இந்த மாதிரி விவாதங்களில் தோற்பது எனக்குப் புதிதல்ல.

எட்டரைக்கு யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து முனுசாமி வந்தார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. செல்வியின் முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னாண்ணா இது?”

“வண்டில இருந்து வுழுந்துட்டேம்மா. கைராசிக்காரன் கையே ஒடிஞ்சிடுச்சுன்னு ஊரே சிரிக்குது. வராம இருந்தா இன்னும் பேசுவானுங்க, அதான் வந்துட்டேன்.”

இடது கையால் தொடங்கக் கூடாதாம். கட்டுப் போட்ட கையால் உப்பு இழுக்கும் கழியைப் பிடிக்க முடியாது. இருவரும் மேகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் முனுசாமியே வழி சொன்னார்: “நீ புடிச்சு இழும்மா. மேல நான் கை வைக்கிறேன்.”

நீளக் கழியின் முனையில் பலகை பொருத்தியிருக்கும்; அதை வைத்துத்தான் உப்பை இழுத்துச் சேர்ப்பார்கள். செல்வி கழியைப் பிடிக்க, முனுசாமி கட்டுக் கையை அதன்மேல் வைத்தார். முதல் இழுப்பு கோணலாகப் போனது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் வலி பொறுக்காமல் முனுசாமி முகம் சுளித்து, மெல்லக் கையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார். கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பதினொன்றரைக்குத் தூறல் விழுந்தது. அதற்குள் உப்பை வரப்பில் குவித்துக் கீற்று போட்டு மூடியாயிற்று. என் பாத்தி உப்பே தப்பித்த மாதிரி எனக்கு அத்தனை சந்தோஷம்.

“யாரு கை வச்சது?” என்று பக்கத்துப் பாத்திக்காரர் கேட்டார்.

“முனுசாமி அண்ணன் கைதான்!” என்று செல்வி உரக்கச் சொன்னார். முனுசாமி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு என்னை பஸ் ஏற்றிவிட செல்வி ரோடு வரை வந்தார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: “மூணாவது இழுப்புலயே அவர் கையை எடுத்துட்டார்.”

“தெரியும் சார். கழி லேசாயிடுச்சே.”

“அப்புறம் ஏன் அவர் பேரைச் சொன்னீங்க?”

“ஒடிஞ்ச கையோட வந்தாரே சார், பாவம்.”

“அடுத்த வருஷமும் கூப்பிடுவீங்களா?”

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன்.

“கூப்பிடாம? சோறு ஆக்கிப் போட்டுத்தான் அனுப்புவேன்,” என்றார் செல்வி. “ஆனா அவரு வர்றதுக்குள்ள நான் வாரி முடிச்சிருப்பேன்.”