புரட்டாசியில் இத்தாலிக்குப் போன ரைஸ் குக்கர்

ஒயின் குடிக்கவென்றே இத்தாலிக்குப் போய், பத்து நாளில் இரண்டே கிளாஸ் குடித்துவிட்டுத் திரும்பிய ஆள் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தாலிய மலையூர்களுக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் சிலர் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். நானும் என் மனைவி சரோஜாவும் போனது 1995 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 5 வரை. விலைகள் எல்லாம் அந்தக் காலத்து விலைகள், அதை நம்பிப் பெட்டி கட்டிவிடாதீர்கள். மலையும் படிக்கட்டும் மட்டும் மாறியிருக்காது.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் பாவ்லோ. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் நான் சூப்பர்வைசராக இருந்த பிஸ்கட் தொழிற்சாலைக்குப் புதிய பேக்கிங் இயந்திரம் வந்தபோது, அதைப் பொருத்த இத்தாலியிலிருந்து வந்தவர். மூன்று மாதம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்து சரோஜாவின் மீன்குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார். கிளம்பும்போது ஒரு பாட்டில் ஒயினைக் கொடுத்துவிட்டு, இயந்திர வரைபடத்தின் பின்பக்கத்தில் தன் நாட்டு மலையூர்களைக் குறித்துத் தந்தார். திராட்சை அறுவடைக்குப் போ, செப்டம்பர் கடைசியில் போ என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் திட்டம் போட்டேன். இணையம் கிடையாது. நூலகத்தில் இருந்த பழைய வழிகாட்டிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப இரவல் வாங்கினேன். காலை ஆறரை ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குக் கடல் தாண்டும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன்: எந்த ஊரில் காட்டுப்பன்றிக் கறி, எந்த ஊரில் வாட்டிய மாட்டிறைச்சி, எதற்கு எந்த ஒயின். மாட்டிறைச்சியைச் சரோஜா பார்க்காதபடி சுருக்கெழுத்தில் எழுதினேன். அவளுக்கென்று நான் எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான். பத்து நாள் அவள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு நாள்கூட அமைந்ததில்லை. பிரசவத்துக்குப் போன அன்று காலையிலும் எனக்கு இடியாப்பம் பிழிந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

பீச் ஸ்திரீட் ஏஜெண்டிடம் ஆளுக்கு 2,480 மலேசிய வெள்ளி கட்டி டிக்கெட்டை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். சரோஜா தேதியைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் புரட்டினாள்.

"என்னாங்க, இது புரட்டாசி இல்ல?"

புரட்டாசியேதான். ஒன்றரை வருஷம் இத்தாலியின் மழை, வெயில், ரயில், பண்டிகை எல்லாவற்றையும் பார்த்தவன், வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கவில்லை. எங்கள் மகளுக்கு ஏழு மாதத்தில் ஜன்னி கண்டு பிழைத்ததிலிருந்து சரோஜா புரட்டாசி முழுக்கக் கவுச்சியைத் தொடமாட்டாள். மகள் அப்போது கோலாலம்பூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேர்த்திக்கடன் மட்டும் ஒரு வருஷமும் தவறவில்லை. மறுநாளே ஏஜெண்டிடம் ஓடினேன்.

"மாத்த முடியாதுலா அங்கிள், மலிவு டிக்கெட்தானே. காசு போயிரும்" என்றாள் அங்கிருந்த பெண்.

சரோஜா சண்டை போடவில்லை. "போவோம், எனக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன்" என்றாள். பெட்டி கட்டும் நாளில் பார்க்கிறேன், எங்கள் ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டிக்குள் போய், மேலே டேப் ஒட்டி, கயிறும் கட்டியாகிவிட்டது.

"அடுப்புப் பக்கம் போகமாட்டேன்னு சொன்னியே சரோ?"

"நீங்கதானே சொன்னீங்க, நான் எப்ப சொன்னேன்? பட்டினி கெடக்க முடியுமாலா?"

அந்தப் பெட்டியை நான்தான் தூக்கினேன். மூன்று கிலோ இருக்கும். பினாங்கிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம், அங்கிருந்து ரோம். ரோமில் ரயிலேறி ஒன்றேகால் மணி நேரத்தில் முதல் மலையூரான ஒர்வியேத்தோ. தூரம் சுமார் 120 கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் லீரா, நம் காசுக்கு 19 வெள்ளி. ஸ்டேஷன் அடிவாரத்தில், ஊர் உச்சியில். எதிரிலேயே மலைரயில் நின்றது. நம் பினாங்கு ஹில் ரயிலைப் போல நடுவில் மாறி அரை மணி நேரம் ஏறும் என்று வசதியாக உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து விடுதிக்குக் கல் பாவிய தெருவில் பதினைந்து நிமிட நடை. குக்கர் கயிறு விரலை அறுத்தது.

விடுதி இரண்டு பேருக்கு ஒரு இரவுக்கு 75,000 லீரா, அதாவது 117 வெள்ளி. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே அறை. உரிமையாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, பெயர் ரோசா. அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது சுவரில் இருந்த பிளக் பாயிண்டை. வட்டத் துளைகள். நம் ஊர் பிளக் நுழையாது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"அடாப்டர் வச்சிருக்கேன்" என்றாள் சரோஜா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அன்று இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. நோட்டுப் புத்தகத்தில் இருந்தபடி எனக்குக் காட்டுப்பன்றிக் கறியும் வெள்ளை ஒயினும் சொன்னேன். அவளுக்கு அவரை விதை சூப். சூப் வந்தது, அதில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் மிதந்தன. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நானோ இரண்டாவது கிளாஸில் இருந்தேன். "ரொட்டி இருக்கே, சாப்பிடு" என்று வேறு சொன்னேன்.

"பரவால்ல. நீங்க நல்லா சாப்பிடுங்க. நான் ரூமுக்குப் போயி கொஞ்சம் சோறு ஆக்கிக்கறேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

கோபமே இல்லை குரலில். அதுதான் என்னைக் குத்தியது. வீட்டில் ஒவ்வொரு புரட்டாசியிலும் இவள் எனக்கென்று தனிச்சட்டியில் கோழி சமைத்துப் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தனக்கு ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கூட்டி வந்து, மறுபடியும் சோறாக்க மாடிக்கு அனுப்பப் போகிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒக்காரு சரோ, அஞ்சே நிமிசம்" என்று சொல்லிவிட்டு நேராக அடுக்களைக்குள் போனேன். எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி இருபது வார்த்தை, அதில் பாதி இயந்திர பாகங்களின் பெயர். கையைக் கூப்பிக் காட்டினேன், கோழியைப் போலக் கொக்கரித்து "நோ" என்றேன், நீந்திக் காட்டி "நோ" என்றேன். ரோசா சிரித்து முடித்துவிட்டுச் சுவரில் இருந்த மாதாவின் படத்தைக் காட்டி, "வோத்தோ?" என்று கேட்டார். நேர்த்தியா என்று கேட்கிறார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். நேர்த்தி என்றதும் அந்த அடுக்களையின் போக்கே மாறிவிட்டது. பூண்டும் தக்காளியும் வதங்கின. கையால் உருட்டிய தடித்த மீ நூடுல்ஸ் போன்ற ஒன்று பெரிய தட்டில் வந்தது. சரோஜா ஒரு வாய் எடுத்தாள், பிறகு நிமிரவே இல்லை.

மறுநாள் காலை ரோசா ஒரு அட்டையில் நாலு வரி எழுதித் தந்தார்: இந்த அம்மாள் நேர்த்தியில் இருக்கிறார், கறி, மீன், முட்டை, கறி வேகவைத்த தண்ணீர் எதுவும் ஆகாது. அந்த அட்டைதான் மீதிப் பயணத்தின் பாஸ்போர்ட். அன்றிலிருந்து அவள் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன். ஒயினையும் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்கவில்லை, எனக்கே மனசு வரவில்லை.

நான்காம் நாள் ரயிலில் கியூசிக்கு வந்து, அங்கிருந்து ஐம்பது நிமிடப் பேருந்தில் மோந்தெபுல்சியானோ. அங்கே தங்கிக்கொண்டு 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பியென்சாவுக்கும் போய்வந்தோம். ஒவ்வொரு வேளையும் நான்தான் அட்டையோடு முன்னால் போவேன். ஒரு கடையில் முடியாது என்றால் அடுத்த கடை, அதுவும் இல்லையென்றால் மேலும் நூறு படி. நான் களைத்து நின்றால், "வேணாங்க, சூசாப்படாதீங்க, ஏன் செரமம்? குக்கர எடுக்கறேன்" என்பாள். உடனே அடுத்த நூறு படியையும் ஏறிவிடுவேன். ஆலிவ் எண்ணெய் ஊற்றிய அவரை விதை, ரொட்டியும் கீரையும் சேர்த்து வேகவைத்த கெட்டி சூப், காளான், பியென்சாவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. ஏழைகளின் சாப்பாடாம், எங்கும் மலிவு. இரண்டு பேருக்கும் 30,000 லீராவைத் தாண்டவில்லை. அந்தப் பாலாடைக்கட்டியை உறைய வைக்க எதைப் போடுகிறார்கள் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன், ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சாறாம். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

எட்டாம் நாள் பேருந்து ஓட்டுநரிடம் பாவ்லோவின் வரைபடத்தைக் காட்டினேன். அவர் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார். அறுவடை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பிழிந்த சாற்றை ஒருவர் இரண்டு கிளாஸில் கொண்டுவந்து நீட்டினார். கலங்கலாக, கருஞ்சிவப்பாக இருந்தது.

"இது ஒயினாங்க?" என்றாள் சரோஜா.

நான் அவரிடம் சைகையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு விரலால் காற்றில் வட்டம் வட்டமாகப் போட்டார். இன்னும் இல்லை, அதற்கு நாளாகும். சரோஜா ஒரு கிளாஸைக் குடித்து, இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தாள். மேலுதட்டில் சிவப்பு மீசையோடு வெயிலில் நின்று சிரித்தாள். அந்த முகத்துக்காக இன்னொரு ஒன்றரை வருஷம் திட்டம் போடலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருந்தால் அந்த ஊர் மொழியிலேயே அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காய்கறி சூப்பிலும் கறித்தண்ணீர் இருக்கும். மத்தியானம் மூன்றிலிருந்து ஏழு மணிவரை அடுக்களைகள் மூடியிருக்கும். சக்கரம் வைத்த பெட்டி கல்தெருவில் உருளாது. புரட்டாசியைத் தள்ளிப்போடாதீர்கள், திராட்சைக்கும் காளானுக்கும் அதுதான் பருவம். ஒரு பாட்டில் வாங்கி வந்து தீபாவளிக்குத் திறக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ரைஸ் குக்கர் வேண்டுமா என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு வந்து சேர்ந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. சரோஜா குளிக்கப் போனாள். இன்றைக்குச் சோறு நான் ஆக்குவது என்று முடிவு செய்து, பத்து நாளும் பிரிக்காத டேப்பைப் பிரித்துக் குக்கரை எடுத்தேன். உள்ளே ஒரு மணி அரிசி இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், கரண்ட் வயரும் இல்லை. நிமிர்ந்தால், வயர் அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்கும் ஆணியிலேயே தொங்கியது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம், "வயர மறந்துட்டுப் போயிட்டியே சரோ!" என்றேன்.

"மறக்கல. நான்தான் மாட்டி வச்சேன்."

"அப்ப அடாப்டர்?"

"எப்பங்க பாத்தீங்க அத?" என்று சிரித்தாள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள். "குக்கர் இல்லாமப் போயிருந்தா, ரொட்டி இருக்கே சாப்பிடுன்னு விட்டிருப்பீங்க. நான் சமைச்சிருவேன்னு பயந்துதானே படி படியா ஏறுனீங்க? எனக்கு என்ன சாப்பாடுன்னு நீங்க தேடிப் போறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

ஆணியிலிருந்து வயரை எடுத்துக் குக்கரில் மாட்டினேன்.

"அரிசி எந்த டப்பாவுல இருக்கு?" என்று கேட்டேன்.