மெத்தையின் அடிப்பக்கம்

கறை எடுப்பதில் ஒடிலியாவை அடித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆளில்லை. இத்தாலியில் பதினாலு வருடம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்ட கை அது. அங்கே வேலைக்குப் போன மற்ற பெண்கள் செண்ட்டும் கைப்பையும் கொண்டுவந்தார்கள், இவள் சோடா உப்பு வைத்தியத்தைக் கொண்டுவந்தாள் என்று பக்கத்து வீட்டு பரஸ்கீவா கேலி செய்வாள். கேலி செய்த வாயாலேயே, நல்ல சட்டையில் ஒயினைக் கொட்டிக்கொண்ட அன்று "இத்தாலிக்காரி, கொஞ்சம் வாடி" என்று வேலிமேல் எட்டிப் பார்த்துக் கூப்பிடவும் செய்வாள்.

இத்தாலியில் பிரெஷ்யா ஊரில் அந்தக் கிழவி, எர்சீலியா அம்மாள், வசந்த காலத்தில் காலமானதும் ஒடிலியா மூட்டை முடிச்சோடு வேன் ஏறி ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தாள். எட்டு வயதில் விட்டுப்போன மகள் இலிங்காவுக்கு இப்போது இருபத்திரண்டு. இனிமேல் மகளோடு இருக்கலாம் என்று வந்தவளிடம், வந்த வாரமே இலிங்கா சொன்னாள்: "செப்டம்பர்ல எனக்கும் ரஸ்வானுக்கும் கல்யாணம்மா. முடிஞ்ச கையோட ஜெர்மனி போறோம். அவனுக்கு அங்க டைல்ஸ் வேலை."

ஒடிலியா சிரித்தாள், மகளைக் கட்டிக்கொண்டாள், பிறகு கோழிக்கூட்டுப் பக்கம் போய் அழுதாள்.

இலிங்கா அம்மாவிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒடிலியாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விருந்தாளிகளுக்கென்று பீரோவில் வைத்திருந்த துண்டை மகள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தாள். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று ஒவ்வொரு காலையும் கேட்டாள். அப்பாவிடம் மட்டும் கத்துவாள், காலணியைக் கழற்றாமல் உள்ளே வந்தால் துடைப்பத்தைத் தூக்குவாள். கல்யாண உடையை, கல்யாணத்தை முன்நின்று நடத்தும் ஞானத்தாயோடு போய் வாங்கினாள். சாப்பாட்டை அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்தாள். ஒடிலியா எதற்காவது கை நீட்டினால், "எல்லாம் ஆச்சும்மா, நீ ரெஸ்ட் எடு" என்பாள். பெற்ற வயிறு எத்தனை நாள்தான் ரெஸ்ட் எடுக்கும்? போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிள்ளை தாயிடம் கேட்பதுபோல அவள் எதையாவது கேட்டுவிடமாட்டாளா என்று ஒடிலியா ஏங்கினாள். ஒடிலியா வேண்டியது அதைத் தவிர வேறொன்றுமில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழன் காலை இலிங்கா தலையலங்காரம் ஒத்திகை பார்க்க பிர்லாட் டவுனுக்கு பஸ் ஏறினாள். ஞானப்பெற்றோர் சனியன்று வந்து அவள் அறையில்தான் தங்கப்போகிறார்கள். சரி, படுக்கையையாவது நான் தயார் செய்கிறேன் என்று ஒடிலியா முந்தானையை இழுத்துச் செருகாத குறையாக உள்ளே போனாள். விரிப்பை உருவினாள். மெத்தை சுத்தமாகத்தான் இருந்தது. காற்றாடட்டும் என்று ஒரு பக்கம் பிடித்து நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.

அடிப்பக்கம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாக வளையங்கள். வளையத்துக்குள் வளையம், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் துணியே நிறம் மாறிப்போயிருந்தது. டீ கொட்டினால் ஒரு ஓரம்தான் விழும். இது அப்படிப்பட்டதில்லை. நனைந்து காய்ந்து, காயுமுன் மறுபடி நனைந்து வந்த கறை. எர்சீலியா அம்மாளின் மெத்தையில் இதே ஓரங்களை எத்தனையோ காலைகளில் ஒற்றி எடுத்தவளுக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு தடவையில் வருகிற கறையில்லை, வருடக்கணக்கில் வந்தது.

கணவன் நெகுலாய் கொட்டகையில் திராட்சை அறுவடைக்காகப் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள்.

"இதுல யாரு படுத்தது?"

நெகுலாய் தொப்பியைக் கழற்றினான். "வேற யாரு, அவதான்."

"எப்பலேருந்து?"

"நீ போன மாசத்துலேருந்து. ஒரு அஞ்சு வருஷம் இருக்கும்."

"அஞ்சு வருஷம்! வாயில என்னய்யா வச்சிருந்தே, கொழுக்கட்டையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"சொல்லாதேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா அம்மா அழுவாங்க, அழுதா அந்த வீட்டுல வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு யாரோ பள்ளிக்கூடத்துல சொல்லிருக்காங்க. நான் என்ன செய்ய? கொட்டகைக்குப் பின்னாடி போட்டுக் காயவைப்போம், ரோட்டுக்குத் தெரியாம. ரெண்டு பேரும் தூக்குவோம். வருஷா வருஷம் நீ லீவுல வர்ற ஆகஸ்ட் மாசம் மட்டும் அவ உன்கூடப் படுப்பா, அப்ப ஒருநாளும் நனைச்சதில்ல." தொப்பியை ஒருதரம் சுற்றிவிட்டுச் சொன்னான்: "எப்படிக் கழுவணும்னு உன்கிட்டயே கேட்டுத்தானே செஞ்சோம். அவ ஃபோன்ல கேப்பாளே, ஞாபகமில்ல?"

ஞாபகமில்லாமல் என்ன! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், படிக்கிறியா, படிக்கிறேன். அதற்குமேல் அந்தச் சின்னக் குரல் ஒன்றே ஒன்றைத்தான் விடாமல் கேட்கும்.

"அந்தப் பாட்டி நேத்தும் நனைச்சாங்களாம்மா?"

"நனைச்சாங்கடி தங்கம்."

"நீ என்ன பண்ணுன?"

ஒடிலியா உற்சாகமாகச் சொல்வாள். வெந்நீர் மட்டும் ஊற்றவே கூடாது, கறை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். தேய்க்கக் கூடாது, காய்ந்த துணியால் ஒற்றத்தான் வேண்டும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்து, அதன்மேல் சோடா உப்பைத் தூவி, காய்ந்தபின் தட்டிவிட வேண்டும்.

"பழைய கறையா இருந்தா?"

"பழசு மங்கும். முழுசாப் போகாது."

"அவங்களைத் திட்டுவியாம்மா?"

"ஏன் திட்டணும்? வேணும்னா செய்றாங்க? ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல, தூங்குங்கன்னு சொல்லுவேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

ஒடிலியா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொல்வாள். என் மகளுக்கு என் வேலைமேல் எவ்வளவு அக்கறை என்று எர்சீலியா அம்மாளிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. இப்போது அந்தக் கறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை ஞாயிறும் குழந்தை தனக்காகக் கேட்டிருக்கிறது, இவள் கிழவிக்காகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவளுக்கு என்ன வெறி வந்ததோ, மெத்தையைத் தனியாளாக இழுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயில் முன் முற்றத்தில்தான் நன்றாக அடிக்கும். இத்தாலியில் பால்கனியில் காயப்போட்டுப் பழகியவள், ரோட்டைப் பற்றி நினைக்கவில்லை. "பின்னாடி போடு, ஒடிலியா, பின்னாடி" என்று நெகுலாய் கத்தியது காதிலேயே ஏறவில்லை. இரண்டு நாற்காலிமேல் மெத்தையைச் சாய்த்து, அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வேலையை ஆரம்பித்தாள். பழைய கறைக்கு வினிகர் போதாது. புண் கழுவ மருந்துக்கடையில் விற்கிற பெராக்சைடில் சோடா உப்பைக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லத் தெளித்தாள். நுரை எழும்பியது. காத்திருந்து, ஒற்றி, மறுபடி தெளித்தாள். நுரைக்கிற ஒவ்வொரு இடத்திலும் தன் பிள்ளை எட்டு வயதில், ஒன்பது வயதில், இருட்டில் எழுந்து ஈரத்தைத் தடவிப் பார்த்திருக்கும் என்று தோன்றியது. அவளுக்குக் கண்ணீர் நிற்கவேயில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பரஸ்கீவாவின் தலை முளைத்தது.

"என்னடி இத்தாலிக்காரி, கல்யாண வீட்டுல தோரணம் கட்டுவாங்க, நீ மெத்தையைக் கட்டியிருக்கே? அடேயப்பா, யாருடி இது, ரஷ்யா மேப் வரைஞ்சிருக்காங்க?"

ஒடிலியா நிமிர்ந்தாள். பரஸ்கீவாவின் தோளுக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து இறங்கி, தலை நிறைய ஊசியும் பூவுமாக இலிங்கா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"நான்தான்க்கா" என்றாள் ஒடிலியா, சத்தமாகவே. "கிழவி வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு. வந்த நாள்லேருந்து அடக்க முடியல. என்ன பண்றது, வயசாகுதுல்ல?"

"ஐயோ பாவமே!" என்றாள் பரஸ்கீவா. பாவப்பட்டதைவிட சந்தோஷப்பட்டதே அதிகம். இப்படியொரு சேதி அவளுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும், உடனே அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

இலிங்கா உள்ளே வந்தாள். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். ஒடிலியா மறுமுனையைப் பிடித்தாள். கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தபிறகுதான் மகள் வெடித்தாள்.

"உன்னை யாரு இதை வெளியே எடுக்கச் சொன்னது? பதினாலு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தேன். மூணு நாள் பொறுக்க முடியலையா உன்னால?"

"தப்புதான்டி. எனக்குப் புத்தி வேலை செய்யல."

"அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னே? சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா உன்னைப் பார்த்து சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

இலிங்கா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து உருவ ஆரம்பித்தாள். கடைசி ஊசியும் வந்தபிறகு ஒடிலியா கேட்டாள்: "எப்ப நின்னுச்சு?"

"பதிமூணு வயசுல. அந்த ஆகஸ்ட்ல இத்தாலிப் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு, வர முடியாதுன்னு சொன்னேல்ல? அன்னைக்கு ராத்திரி உன்னை எதிர்பார்க்கிறதையே விட்டுட்டேன். அதோட நின்னுபோச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். "அப்பா, இனிமே மெத்தை தூக்க வேண்டாம்னு சந்தோஷப்பட்டார்."

 ஒடிலியா என்ன சொல்வாள்? வீட்டுக்குக் கூரை மாற்றினேன், உன்னைப் படிக்கவைத்தேன் என்றா? அதெல்லாம் உண்மைதான்.  துணியை எடுத்து மறுபடி ஒற்றினாள். இலிங்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். மாலைக்குள் பழுப்பு போயிற்று, மஞ்சள் வெளிறியது. ஓரங்கள் மட்டும் மங்கலாக நின்றுவிட்டன.

வெள்ளியும் சனியும் விருந்துக்காக முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டுவதிலேயே போயின. இலிங்கா வழக்கம்போல் காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டாள்.

ஞாயிறு காலை மேளமும் வயலினும் வாசலுக்கு வந்துவிட்டன. பெண் வீட்டைவிட்டு இறங்குமுன் எங்கள் பக்கம் ஒரு காரியம் உண்டு. பெற்றோரை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மணமக்கள் தலையணைமேல் மண்டியிட, வாசகம் சொல்கிறவர் அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்பார். எல்லா வீட்டிலும் அதே வாசகம்தான், அதைக் கேட்டு அழாத தாயில்லை, வீடியோ எடுப்பவன் அந்த இடத்துக்காகவே காத்திருப்பான். அன்றைக்கு வாசகம் சொன்னவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு நீட்டி முழக்கினார்:

"எங்களுக்காகத் தூக்கம் கெட்ட தாயே, ஈரத்தில் நீ கிடந்து, காய்ந்த இடத்தில் எங்களைக் கிடத்திய தாயே, உனக்குக் கொடுத்த துன்பத்துக்கெல்லாம் எங்களை மன்னித்து—"

ஒடிலியா நாற்காலியைவிட்டு எழுந்தாள். புதுப் பட்டுச் சட்டையோடு புல்தரையில் மகளுக்கு நேராக மண்டியிட்டாள். வயலின் பாதியில் நின்றது. நெகுலாய் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அரைகுறையாக நின்றான்.

"அம்மா, நீங்க உக்காரணும்" என்றார் தபால்காரர் பதறி. "இதுல அப்படி இல்லீங்க."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே." ஒடிலியா மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அவர் சொன்னதெல்லாம் நான் வேற யாருக்கோ செஞ்சேன்டி. ஈரத்துல நீதான் கிடந்தே. நீ என்னை மன்னிக்கணும். இப்பவே வேண்டாம். உனக்கு எப்ப முடியுதோ அப்ப."

 ரஸ்வான் ஒன்றும் புரியாமல் மணப்பெண்ணையே பார்த்தான். இலிங்கா முகத்திரையைப் பின்னால் தள்ளினாள். சின்னப் பிள்ளைபோல் ஓவென்று அழுதுகொண்டு அம்மாவின் தோளில் விழுந்தாள். ஞானத்தாய் அலங்காரம் கலைகிறதே என்று கைக்குட்டையோடு ஓடிவந்தாள், நெகுலாய் அவளைத் தடுத்து நிறுத்தினான்.

இலிங்கா காதோடு பேசினாள், பக்கத்திலிருந்த ரஸ்வானுக்கே கேட்கவில்லை. "அங்கேருந்து ஃபோன் பண்ணுவேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லுவேன். சொன்னா வருவியாம்மா?"

"வேனுக்குக்கூட காத்திருக்க மாட்டேன்டி" என்றாள் ஒடிலியா. "நடந்தே வந்துடுவேன்."