பாதுகாப்புக்கு இரு மடங்கு

ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே பொத்தான் வைக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பொத்தான் அக்கா என்றே கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் நீளம். சூப்பர்வைசரே அவளைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அவள் நன்றாக இருக்க வேண்டும். என் பிழைப்பு இன்றைக்கும் ஓடுகிறதென்றால் அது அவளால்தான்.

தையல் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை. பகலில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் நடத்தியது. பலகையில் 'குழந்தைகள் பாதுகாப்பு மையம்' என்றிருக்கும். அவ்வளவையும் யார் சொல்வது? எங்களுக்கு அது வெறும் 'பாதுகாப்பு'. "பாப்பாவ பாதுகாப்புல விட்டுட்டியா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவன். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை.

அந்த அறையை மாதக் கடைசியில் மூடச்சொல்லி உத்தரவு வந்தது. நிதி இல்லையாம். மூடினால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் செய்தி சொன்னார்கள், பாதுகாப்புக்கான நிதி இரு மடங்காக உயர்வு என்று. அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. "அடியே, ரெண்டு மடங்காம்டி! நீ பொழச்சடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதே விட்டேன்.

அறையைப் பார்வையிட அன்று நல அதிகாரி வந்திருந்தார். அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். ரெண்டு மடங்கு குடுத்திருக்கீங்களே!"

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததும் பாவம், முகம் சுருங்கிவிட்டது.

"அது ராணுவத்துக்கும்மா. பீரங்கி, விமானம் வாங்க. இந்த மையத்துக்கு இல்ல."

நான் பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டேன்.

"ராணுவத்துக்குக் குடுங்க, வேணாங்கல," என்றாள் அக்கா. "அவங்களும் ஒருத்தி பெத்த பிள்ளைங்கதான். ஆனா இதுங்க பால் காசுல கைய வெச்சுதான் பீரங்கி வாங்கணுமா?"

"மேலிடத்து முடிவும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"அப்போ நான் பண்றேன்."

மறுநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பெனியில் பொத்தான் வைக்க இருந்தது அது ஒன்றுதான். வேறு யார் தொட்டாலும் ஊசி ஒடியும். முதலாளி கெஞ்சினார், கத்தினார். சட்டைகள் குவிந்தன. ஏற்ற வந்த லாரி வாசலிலேயே நின்றது.

"பொத்தான் இல்லாம சண்டைக்குப் போனா ஒரு கையால சட்டையப் பிடிச்சுக்கணும் சார். அப்புறம் துப்பாக்கிய எதால பிடிப்பாங்க?" என்றாள்.

எங்களில் ஒருத்தியும் அவளோடு உட்காரவில்லை. குனிந்த தலை நிமிராமல் தைத்தோம்.

ராணுவத்திலிருந்து முதலாளிக்குப் போன் மேல் போன். அவர் எங்கெங்கோ பேசினார். அந்த வாரமே மையம் தொடரலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. வேடிக்கையைப் பார்த்தீர்களா! பிள்ளைகளுக்கு என்றபோது கஜானாவில் காசில்லை, பொத்தானுக்கு என்றதும் கிடைத்துவிட்டது. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது கடைத்தெருவில் கிழிந்த துணி தைத்துக் கொடுக்கிறாள். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த அன்று அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"உனக்குன்னு ஒரு பிள்ளகூட அங்க இல்லையேக்கா. எங்களுக்காக ஏன்க்கா இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன்.

என் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இருந்திருந்தா நானும் பயந்திருப்பேன்டி."